தனி ஊசல் சோதனை: அளவீடுகள் நெருக்கமாக இருந்தும் விடை தள்ளிப்போவது ஏன்?

ஊசல்13 (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் சென்னையில் ஒரு கல்லூரியில் இளங்கலை இயற்பியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற வாரச் செய்முறை வகுப்பில், தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் சோதனையைச் செய்தோம். நூலின் நீளத்தை 100.0 செ.மீ. ஆக வைத்துக்கொண்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைப் பத்து முறை அளந்தேன். கிடைத்த நேரங்களை மாற்றாமல் அப்படியே தருகிறேன்: 40.31, 40.42, 40.36, 40.44, 40.33, 40.40, 40.37, 40.35, 40.41, 40.38 வினாடிகள். சராசரி 40.377 வினாடி. இதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் 9.686 மீ/வி² என்று வருகிறது. நேரங்களின் திட்ட விலக்கத்தை (சராசரியிலிருந்து அவை சிதறும் அளவை) கண்டு, அதைப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்து, முடிவின் நிச்சயமின்மையை ±0.006 என்று எழுதினேன்.

பக்கத்து மேசையில் இருந்த நண்பன் ஐந்து முறை மட்டுமே அளந்தான். அவனுடைய விடைகள் 9.4 முதல் 10.1 வரை சிதறிக் கிடந்தன. ஆனால் சராசரி, பாடநூலில் உள்ளபடியே, 9.81 என்று அமைந்துவிட்டது. அவனுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. என்னுடைய விடையைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ‘பிழை அதிகம்’ என்று எழுதித் திருப்பித் தந்தார்கள்.

மதிப்பெண்ணை விட எனக்குப் புரியாமல் இருப்பது வேறொன்று. பத்து அளவீடுகளும் இவ்வளவு நெருங்கி நிற்கும்போது, என் முடிவு எப்படித் தவறாக இருக்க முடியும்? நான் எழுதிய ±0.006 என்பது உண்மையானால், 9.81 என்பது அதைப் போல இருபது மடங்கு தள்ளி நிற்கிறதே, அதற்கு என்ன பொருள்? வகுப்பில் சிலர் 9.8 என்ற விடையில் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிட்டு, அதற்கேற்ற நேரங்களை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு அதைச் செய்ய மனம் வரவில்லை. ஆனால் நான் செய்தது எங்கே பிசகியது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பழைய செய்முறை ஆசிரியர்

தம்பி, பத்து நேரங்களையும் மாற்றாமல் இங்கே எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடிகிறது. விடையிலிருந்து பின்னோக்கி எழுதப்பட்ட நோட்டில் எந்தப் பிழையையும் யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

பதினோராம் வகுப்புப் பாடநூலில் நுட்பம், துல்லியத்தன்மை என்று இரண்டு சொற்களைப் படித்திருப்பீர்கள். பேச்சில் இரண்டையும் ‘துல்லியம்’ என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரே அளவைத் திரும்பத் திரும்ப அளக்கும்போது விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்கி வருகின்றன என்பது நுட்பம். அந்த விடைகள் உண்மையான மதிப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பது துல்லியத்தன்மை. உங்கள் ஆய்வகத்தில் இருக்கும் மர மீட்டர் அளவுகோலை எடுத்து அதன் தொடக்க முனையைப் பாருங்கள். பல ஆண்டுகளாக மாணவர் கைகளில் புழங்கி, பூஜ்யக் கோடு இருந்த இடம் மழுங்கிப் போயிருக்கும். அந்த முனையிலிருந்து ஒரு கம்பியை நூறு முறை அளந்தாலும், நூறு முறையும் ஏறக்குறைய ஒரே விடைதான் வரும். நூறும் 2 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். அதனால்தான் ‘10 செ.மீ. கோட்டிலிருந்து தொடங்கி அளந்துவிட்டுப் பத்தைக் கழித்துக்கொள்’ என்று பழைய ஆசிரியர்கள் சொல்லித்தருவார்கள்.

நீங்கள் கணக்கிட்ட ±0.006 என்பது, ஒவ்வொரு முறையும் மாறி மாறி நடந்தவற்றை மட்டுமே அறியும்: பொத்தானை அழுத்திய விரல் சற்று முந்தியது, சற்றுப் பிந்தியது, அவ்வளவுதான். பத்து முறையும் மாறாமல் இருந்த தவறு எதுவாக இருந்தாலும் அது சிதறலில் தெரியாது. மாறி மாறி வரும் ஒழுங்கற்ற பிழைக்கும், மாறாமல் நிற்கும் முறையான பிழைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பத்து முறைக்குப் பதில் ஆயிரம் முறை அளந்திருந்தால் ±0.006 என்பது ±0.0006 ஆகச் சுருங்கியிருக்கும்; விடை மட்டும் அதே 9.69இல் நின்றிருக்கும்.

இனி அந்த மாறாத தவறு எதுவாக இருக்கலாம் என்று பார்ப்போம். மாணவர்கள் வழக்கமாகத் தவறும் இடங்கள் மூன்று. குண்டை விட்டவுடன் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினால், 20 என்று நினைப்பது உண்மையில் 19 அலைவுகளே. அப்படி நடந்தால் விடை பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும். உங்கள் விடை குறைந்திருப்பதால் அது இல்லை. வீச்சு, அதாவது ஊசல் நடுவிலிருந்து விலகும் கோணம், பெரிதாக இருந்தால் அலைவு நேரம் நீண்டு விடை குறையும். ஆனால் 10 பாகை வீச்சில்கூட அந்தக் குறைவு 0.04 அளவுதான். மூன்றாவது நீளம். 100.0 செ.மீ. என்பதை எங்கிருந்து எதுவரை அளந்தீர்கள்? குண்டின் மையம் வரையா, மேல் விளிம்பு வரையா?

உங்கள் நண்பரின் விடையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஐந்து விடைகள் அவ்வளவு சிதறியிருந்தால், அவருடைய சராசரியை 9.81 ± 0.12 என்ற அளவில்தான் சொல்ல முடியும். அந்த வரம்புக்குள் 9.70உம் இருக்கிறது, 9.90உம் இருக்கிறது. அது தவறான முடிவு அன்று. அதிகம் சொல்லாத முடிவு. அதோடு, சென்னையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.81 அன்று. ஏறக்குறைய 45 முதல் 50 பாகை வரையிலான அட்சரேகைகளில்தான் அந்த மதிப்பு பொருந்தும். புவி தன்னைத்தானே சுற்றுவதாலும் நடுவில் பருத்திருப்பதாலும், 13 பாகையில் இருக்கும் சென்னைக்கு 9.78 என்பதே சரி. பாடநூலில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒத்துப்போனதற்காக மதிப்பெண் தருவது நல்ல வழக்கம் அன்று என்று என் பணிக்காலம் முழுவதும் சொல்லி வந்திருக்கிறேன்.

ஊசல்13

மிக்க நன்றி ஐயா. குண்டின் மேல் விளிம்பு வரைதான் அளந்தேன். இன்று வெர்னியர் அளவியால் குண்டின் விட்டத்தை அளந்து பார்த்தேன், 2.02 செ.மீ. ஆகவே ஆரம் 1.01 செ.மீ., ஊசலின் நீளம் 101.01 செ.மீ. இந்த நீளத்தை வைத்துக் கணக்கிட்டால் விடை 9.784 என்று வருகிறது. வீச்சை 4 பாகைக்குள்தான் வைத்திருந்தேன். மேசையில் தனியாகச் சிரித்துவிட்டேன்.

இப்போது 9.784 ± 0.006 என்று எழுதலாமா?

அளவுத்திருத்தப் பணியாளர்

தம்பி, நான் கருவிகளின் அளவைச் சரிபார்த்துச் சான்றிதழ் தரும் ஒரு கூடத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுவதும் நாங்கள் செய்வது இந்த ± குறிக்குப் பின்னால் வரும் எண்ணை எழுதுவதுதான் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

±0.006 என்று எழுதக் கூடாது. அந்த எண் நேரத்தின் சிதறலிலிருந்து மட்டும் வந்தது. நீளத்தையும் நீங்கள்தான் அளந்தீர்கள். அதை ஒரே முறைதான் அளந்தீர்கள், எனவே அதற்குச் சிதறல் என்று எதுவும் உங்கள் கையில் இல்லை. சிதறல் இல்லை என்பதால் நிச்சயமின்மை இல்லை என்று ஆகிவிடாது. எங்கள் துறையில் இதை இரண்டு வகையாகப் பிரிப்போம்: பல அளவீடுகளின் புள்ளியியலிலிருந்து பெறுவதை ‘ஏ வகை’ என்றும், கருவியின் மீச்சிற்றளவு (அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு), சான்றிதழ், முன் அனுபவம் போன்ற பிற வழிகளில் மதிப்பிடுவதை ‘பி வகை’ என்றும் சொல்வோம். இரண்டும் சமமாக மதிக்கப்பட வேண்டியவை.

உங்கள் ஊசலுக்கே கணக்கிட்டுக் காட்டுகிறேன். நூலின் மேல்முனை பிளவுபட்ட தக்கைக்குள் இருக்கிறது. தக்கையின் கீழ் விளிம்பு அளவுகோலில் எந்தக் கோட்டுக்கு நேராக இருக்கிறது என்று படிக்கும்போது 1 மி.மீ. இப்படியோ அப்படியோ போகலாம். குண்டு இருக்கும் முனையிலும் அப்படியே. ±1 மி.மீ. எல்லைக்குள் எங்கு வேண்டுமானாலும் சம வாய்ப்போடு இருக்கலாம் என்று கொண்டால், அதை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்து 0.58 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். 1010 மி.மீ. நீளத்தில் இது முடுக்கத்தின் மதிப்பை 0.0056 அளவு பாதிக்கிறது. இரண்டு முனைகளுக்கும் இரண்டு முறை வருகிறது. நேரத்திலிருந்து வருவது உங்கள் 0.006. இவற்றை அப்படியே கூட்டக் கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும், ஏனெனில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்றும் ஒரே பக்கம் சாயும் வாய்ப்பு குறைவு. கிடைப்பது 0.010. குண்டின் ஆரத்தில் வரும் நிச்சயமின்மையும், சிறு வீச்சால் வரும் 0.006க்கு உட்பட்ட திருத்தமும், காற்றின் மிதப்பு விசையால் வரும் 0.001 அளவிலான திருத்தமும் இந்த அளவீட்டின் முடிவைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றுவன அல்ல. ஆனால் அவற்றை யோசித்துப் பார்த்துவிட்டு விட்டோம் என்று நோட்டில் எழுத வேண்டும். யோசிக்காமலே விட்டது வேறு, யோசித்து விட்டது வேறு.

சான்றிதழில் எழுதும்போது இந்த 0.010ஐ வழக்கமாக இரண்டால் பெருக்கி, உண்மை மதிப்பு இந்த எல்லைக்குள் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 95 விழுக்காடு என்று குறிப்பிடுவோம். எனவே உங்கள் முடிவு 9.78 ± 0.02 மீ/வி². நிச்சயமின்மை இரண்டாம் தசம இடத்தில் இருக்கும்போது மூன்றாம் தசம இடத்தில் 4 என்று எழுதுவதற்கு உங்களுக்கு உரிமை இல்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 9.78 ± 0.02 என்பது 9.76 முதல் 9.80 வரை. 9.81 அதற்கு வெளியே நிற்கிறது! ஒரு நூல், ஒரு பித்தளைக் குண்டு, ஒரு நிறுத்துக்கடிகாரம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, சென்னையின் புவியீர்ப்பு 9.81 ஆக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று நீங்கள் காட்டியிருக்கிறீர்கள். உங்கள் நோட்டில் வட்டமிட வேண்டிய இடம் அதுதான்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் நிறுத்துக்கடிகாரம் 0.01 வினாடி வரை காட்டுகிறது. உங்கள் விரலோ 0.04 வினாடி அளவுக்கு முன்பின் ஆகிறது என்று நீங்கள் தந்த எண்களே சொல்கின்றன. கருவியின் மீச்சிற்றளவையே அளவீட்டின் நிச்சயமின்மையாக எழுதுவது எங்களிடம் வேலைக்குச் சேரும் இளைஞர்கள் முதல் மாதத்தில் செய்யும் தவறு. குண்டு நின்று திரும்பும் ஓரத்தில் நேரம் தொடங்காமல், மிக வேகமாகக் கடக்கும் நடுப்புள்ளியில் ஓர் ஊசியை நட்டு, அதைக் கடக்கும் கணத்தில் ‘பூஜ்யம்’ என்று தொடங்குங்கள். சிதறல் இன்னும் குறையும்.

தென்றல்_வீச்சு

எல்லாம் சரி. ஆனால் எனக்கு ஓர் ஐயம். 9.69 என்பது பாடநூலில் உள்ள மதிப்போடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்ததால்தான் அந்த 1 செ.மீ. பிழையைத் தேடினோம். விடை தற்செயலாக 9.80 என்று வந்திருந்தால் யாருமே தேடியிருக்க மாட்டோம். அப்படியானால், நூலில் விடையே இல்லாத ஒன்றை முதன்முதலாக அளக்கும் விஞ்ஞானி தன் முறையான பிழையை எப்படிக் கண்டுபிடிப்பார்?

நுங்கம்பாக்கம் வாசி

இந்த இழையிலேயே மிகத் தேவையான கேள்வி இது. ஊசலின் வரலாற்றிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் ஊரிலும் நடந்தது.

1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் தென் அமெரிக்காவின் கயேனில் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். புவியீர்ப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதற்கு அது முதல் சான்றானது. அதன்பின் ஒவ்வோர் ஊரிலும் ஊசலை அளக்கும் ஆர்வம் பிறந்தது. அளந்தவர்கள் எல்லாரும் நம் தம்பி இடறிய அதே இடத்தில் இடறினார்கள்: ஊசலின் நீளம் என்பது எங்கிருந்து எதுவரை? உண்மையான ஊசலில் எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதில்லை. தண்டுக்கும் எடை உண்டு, குண்டுக்கும் பருமன் உண்டு. 1817 வாக்கில் ஹென்றி கேட்டர் இதற்கு ஒரு வழி கண்டார். இவர் இளமையில் இந்தியாவில் லாம்டனின் நில அளவைப் பணியில் உதவியாளராக இருந்தவர். ஒரு தண்டில் இரண்டு கத்திமுனைகளைப் பொருத்தி, ஊசலைத் தலைகீழாகவும் ஆடவிட்டு, இரு நிலைகளிலும் அலைவு நேரம் ஒன்றாகும்படி எடைகளை நகர்த்திச் சரிசெய்தால், இரண்டு கத்திமுனைகளுக்கும் இடைப்பட்ட தூரமே தேவையான நீளம். குண்டின் மையம் எங்கே என்ற கேள்வியே எழாது. பிழையைத் திருத்துவதை விட, பிழை நுழைய வழியில்லாத முறையை அமைப்பது எவ்வளவு மேலானது என்று நான் இதைப் படித்த நாளில்தான் உணர்ந்தேன்.

நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் ஊசலை ஆடவிட்டு, தம் முடிவை 1822இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். நொடிக்கு ஒருமுறை தட்டும் ஊசலின் நீளம் சென்னையில் சுமார் 39.026 அங்குலம் என்று அவர் கண்டார். அதை இன்றைய அலகுக்கு மாற்றினால் 9.783 மீ/வி² வருகிறது.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ஜெர்மனியின் போட்ஸ்டாமில் கூனென், ஃபுர்ட்வெங்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் பல ஊசல்களைக் கொண்டு அளந்து, 1906இல் 981.274 ± 0.003 செ.மீ/வி² என்று முடிவை வெளியிட்டார்கள். அக்காலத்தில் அதைவிட உழைப்பும் கவனமும் மிக்க அளவீடு இல்லை. எனவே 1909இல் உலகமே அதை அடிப்படையாக ஏற்று, மற்ற ஊர்களின் புவியீர்ப்பைப் போட்ஸ்டாமோடு ஒப்பிட்டுக் குறித்தது. பிறகு 1930களில் அமெரிக்காவில் ஹெய்ல், குக் இருவரும், இங்கிலாந்தில் கிளார்க்கும் புதிதாக அளந்தபோது, போட்ஸ்டாம் மதிப்பு கூடுதலாக இருப்பதாகத் தெரிந்தது. பின்னர் வெற்றிடத்தில் ஒரு பொருளை விழவிட்டும் மேலே எறிந்தும் ஒளியால் தூரத்தை அளக்கும் முறைகள் வந்து அதை உறுதிசெய்தன. கூடுதல் எவ்வளவு என்றால் 0.014 செ.மீ/வி². அவர்கள் எழுதிய ±0.003ஐப் போல நான்கு மடங்குக்கும் மேல். 1971இல்தான் உலகப் புவியீர்ப்பு வலையமைப்பு முழுவதும் அந்த அளவு கீழே இறக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் எல்லா நாட்டு அட்டவணைகளும் ஒரே அளவு தவறாக இருந்தன. ஆனால் ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பிழை கெடுக்கவில்லை; இரண்டிலும் ஒரே அளவு கூடியிருந்ததால் கழிக்கும்போது மறைந்துவிட்டது. கனிமமும் எண்ணெயும் தேடுபவர்களுக்கு வேறுபாடு மட்டுமே வேண்டியிருந்ததால் அவர்கள் பணி தடைப்படவில்லை.

ஆக, நூலில் விடை இல்லாதபோது முறையான பிழையைக் காட்டிக்கொடுப்பது, வேறு கருவியால், வேறு கொள்கையின்படி, வேறு ஆட்கள் செய்யும் அளவீடு. அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு: மாறாமல் இருக்கும் எதையும் வேண்டுமென்றே மாற்றிப் பார்ப்பது. ஊசல் தொங்கும் தாங்கியே ஊசலோடு சேர்ந்து நுண்ணிய அளவில் ஆடி அலைவு நேரத்தை நீட்டுகிறது என்பதை 1870களில் சார்ல்ஸ் பெர்ஸ் வெவ்வேறு தாங்கிகளில் ஆராய்ந்து காட்டினார். காற்றின் மிதப்பைத் திருத்தினால் போதாது, ஊசல் தன்னோடு சிறிது காற்றையும் இழுத்துச் செல்கிறது என்பதை அதற்கு முன்பே பெசல் காட்டியிருந்தார். ஒவ்வொன்றும் அதுவரை யாருடைய ± குறிக்குள்ளும் இல்லாதவை.

தம்பி, உங்கள் மேசையிலேயே இதைச் செய்யலாம். நூலின் நீளத்தை மாற்றி மாற்றி அளந்து, அலைவு நேரத்தின் இருமடியை நூலின் நீளத்துக்கு எதிராக வரைபடத்தாளில் குறியுங்கள். குண்டின் ஆரத்தைக் கூட்ட வேண்டாம். கிடைக்கும் கோடு ஆதிப்புள்ளி வழியே செல்கிறதா என்று மட்டும் பாருங்கள். பாடநூலில் என்ன விடை அச்சிட்டிருக்கிறது என்று தெரியாத ஒருவருக்கும் அந்தக் கோடு உண்மையைச் சொல்லும்.

ஊசல்13

ஐயா, அக்கா, நண்பர்களே, நேற்று மாலை ஆய்வகத்தில் அனுமதி பெற்று 60 செ.மீ. முதல் 120 செ.மீ. வரை ஏழு நீளங்களுக்கு அளந்தேன். நடுப்புள்ளியில் ஊசி வைத்து, பூஜ்யத்திலிருந்து எண்ணினேன். ஏழு புள்ளிகளும் கண்ணுக்குத் தெரிந்தவரை ஒரே நேர்கோட்டில் விழுந்தன. சாய்வு 4.04 வி²/மீ, அதிலிருந்து முடுக்கம் 9.77. கோடு ஆதிப்புள்ளி வழியாகச் செல்லவில்லை. நிலைக்குத்து அச்சை 0.04 வி²க்கு அருகில் வெட்டியது. அதைச் சாய்வால் வகுத்தால் ஏறக்குறைய 1 செ.மீ. வருகிறது. குண்டின் ஆரத்தை எங்குமே எழுதாமல் கணக்கிட்டும் அந்த ஆரம் வரைபடத்தில் வந்து நின்றதைப் பார்த்தபோது, சற்று நேரம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

பழைய பக்கத்தைக் கிழிக்கவில்லை. 9.686 ± 0.006 என்பதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, அருகில் காரணத்தையும் தேதியையும் எழுதி, அடுத்த பக்கத்தில் வரைபடத்தை ஒட்டியிருக்கிறேன். அளவுத்திருத்தப் பணியாளர் அக்கா சொன்னபடி, விட்டுவிட்ட திருத்தங்களையும் ஏன் விட்டேன் என்பதையும் நான்கு வரிகளில் எழுதினேன்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. 120 செ.மீ. அளந்து முடித்த பிறகு நூலை மறுபடி அளந்தேன், 120.2 செ.மீ. இருந்தது. பருத்தி நூல் குண்டின் எடையில் இழுபடுகிறது போலும். சோதனைக்கு முன்பு அளந்த நீளத்தை எழுதுவதா, பின்பு அளந்ததையா? திங்கட்கிழமை மீன்பிடி நைலான் நூலைக் கட்டி, ஒவ்வொரு நீளத்தையும் முன்னும் பின்னும் அளந்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.